வாக்கிங் போனால் போதுமா... ஓடித்தான் ஆகணுமா? கலோரி கணக்கு என்ன சொல்கிறது?

எடையைக் குறைக்கணும்னு முடிவு எடுத்தாச்சு. புது ஷூவும் வாங்கியாச்சு. ஆனால் காலையில் மைதானத்துக்குப் போய் நின்ற பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் நாலைந்து பேர் அரசியல் பேசிக்கொண்டே நிதானமாக நடக்கிறார்கள். இன்னொரு பக்கம் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருக்கிறார். "நடந்தா எல்லாம் தொப்பை குறையாது சார், ஓடணும்" என்பார் ஒருவர். "ஓடினா முட்டி தேஞ்சிடும், பேசாம நடங்க" என்பார் இன்னொருவர்.

இது ஏதோ ஜிம் போகிறவர்களுக்கு மட்டுமான சந்தேகம் இல்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. இவர்களில் பெரும்பாலானோருக்கு டாக்டர் சொல்லும் முதல் அறிவுரை, "டெய்லி கொஞ்சம் நடங்க" என்பதுதான். கொஞ்சம்னா எவ்வளவு? நடையா, ஓட்டமா? தப்பாகத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீணாகலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் கலோரி கணக்கு

நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் எரிசக்தியைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 1 கலோரி. (நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரியைத்தான்.) இந்த உட்கார்ந்த நிலைச் செலவை 1 மெட் என்று வைத்துக்கொண்டு, மற்ற வேலைகள் இதைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் சுமார் 3.5 மெட். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஓடினால் சுமார் 8.3 மெட்.

70 கிலோ எடை உள்ள ஒருவர் அரை மணி நேரத்தில் எவ்வளவு எரிக்கிறார் என்று பார்த்தால்:

சாதாரண நடை (5 கி.மீ. வேகம்) – சுமார் 120 கலோரி
வேக நடை (6.4 கி.மீ. வேகம்) – சுமார் 175 கலோரி
மெதுவான ஓட்டம் (8 கி.மீ. வேகம்) – சுமார் 290 கலோரி
கொஞ்சம் வேகமான ஓட்டம் (9.7 கி.மீ. வேகம்) – சுமார் 340 கலோரி

உங்கள் எடை 70-க்கு மேல் என்றால் கலோரியும் கூடும், குறைவு என்றால் குறையும். ஆக, அரை மணி நேரம்தான் கிடைக்கும், ஆபீஸுக்கு ஓடணும் என்கிறவர்களுக்கு ஓட்டம்தான் லாபம். இதில் சந்தேகமே இல்லை. நடையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

"ஒரே தூரம்னா ஒரே கலோரிதானே?"

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் ஓடினாலும் எரிவது ஒன்றுதான், நேரம்தான் வித்தியாசம் என்று வாட்ஸ்அப்பில் நிறைய சுற்றுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை இல்லை.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை என்பது திட்டம். அந்த 8 கி.மீட்டரை 70 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்து முடிக்க 1 மணி 36 நிமிடம் ஆகும். செலவாவது சுமார் 390 கலோரி. அதே பாதையை ஒரு மணி நேரத்தில் ஓடி முடித்தால் சுமார் 580 கலோரி.

இன்னும் ஒரு விஷயம். நடந்த 96 நிமிடமும் அவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலே 110 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாக எரிந்தது 280 கலோரிதான். ஓட்டத்துக்கும் இதே மாதிரி கழித்தால் 510 கலோரி மிஞ்சும். ஒரே பாதை, ஒரே ஆள். ஆனால் கிட்டத்தட்ட இருமடங்கு வித்தியாசம்!

ஏன் இப்படி? நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஊன்றிய காலின் மேல் உடல் ஒரு தலைகீழ் ஊசல் மாதிரி முன்னால் சாய்ந்து போகிறது. பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடுகிறது. நடை என்பது மனித உடல் கண்டுபிடித்த சிக்கனமான பயணம். ஓடும்போது அப்படி இல்லை. ஒவ்வொரு எட்டிலும் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பும் ஒரு நொடித்துளி உண்டு. அதாவது ஓட்டம் என்பது வரிசையான சின்னச் சின்னத் தாவல்கள். 70 கிலோவை ஒவ்வொரு முறையும் மேலே தூக்கி, கீழே வாங்கி, மறுபடி தூக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கூடுதல் செலவு.

இந்தச் சிக்கனமும் ஓரளவு வேகம் வரைக்கும்தான். மணிக்கு 7 கி.மீ. தாண்டும்போது பெரும்பாலானோருக்குக் கால் தானாகவே ஓட்டத்துக்கு மாறிவிடும். வீம்புக்கு அதற்கு மேலும் நடந்தால், சுமார் 8 கி.மீ. வேகத்துக்குப் பிறகு ஓடுவதைவிட நடப்பதற்குத்தான் அதிக சக்தி செலவாகும். ஒலிம்பிக்கில் நடைப்போட்டி வீரர்கள் இடுப்பை வெட்டி வெட்டி நடப்பதைப் பார்த்து சிரித்திருப்போம். ஒரு கால் தரையில் இருந்தே ஆக வேண்டும், முன்வைக்கும் கால் முட்டி மடங்கக் கூடாது என்ற விதிகளோடு அந்த வேகத்தைப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேரளாவைச் சேர்ந்த கே.டி. இர்ஃபான் 20 கி.மீ. தூரத்தை 1 மணி 20 நிமிடம் 21 விநாடியில் நடந்து 10-வது இடம் பிடித்தார். மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ.! நம்மில் பலர் அந்த வேகத்தில் ஓடக்கூட முடியாது.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கலோரியை நம்பலாமா?

இதயத் துடிப்பு எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். கலோரியை? கஷ்டம்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் 7 வகை கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் அதில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவிகிதம் தவறியது. மோசமானது 93 சதவிகிதம் தவறியது. வாட்ச் 400 காட்டுகிறதே என்று ஒரு பிளேட் பஜ்ஜியை நியாயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தால் (எனக்கு இருந்தது) இப்போதே விட்டுவிடலாம்.

அப்போ எடை குறைய எது பெஸ்ட்?

இதற்கு நேரடியாக பதில் சொல்லும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ், 30,000-க்கும் அதிகமான ஓட்டக்காரர்களையும் 15,000-க்கும் அதிகமான நடைப்பயிற்சிக்காரர்களையும் 6 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார். ஒரே அளவு சக்தியைச் செலவழித்தவர்களை ஒப்பிட்டபோதும், எடைக் குறைப்பில் ஓடியவர்களே முன்னால் நின்றார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஓடக் கிளம்ப வேண்டாம். எடை விஷயத்தில் கால்களைவிட வாய்க்குத்தான் பொறுப்பு அதிகம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. மேலே சொன்ன 8 கி.மீ. நடையை ஒருநாள் விடாமல் நடந்தாலும், சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை என்றால், ஒரு கிலோ குறைய ஏறக்குறைய நான்கு வாரம். ஓடினால் இரண்டு வாரம். இதுவும் காகிதக் கணக்குதான். நடைமுறையில் பசி கூடும், உடல் இளைக்க இளைக்க கலோரிச் செலவும் குறையும்.

மறுபக்கம் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அதைக் கரைக்க 40 நிமிடம் நடக்க வேண்டும். டீயில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 40 கலோரி. வாக்கிங் முடிந்ததும் டீக்கடையில் இரண்டு டீ, ஒரு வடை என்று உட்கார்ந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது. சரி, நண்பர்களோடு உட்கார்வதுதான் சிலருக்கு எழுந்து வருவதற்கே காரணம். அதைக் கெடுக்க வேண்டாம். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இதயத்துக்கும் சுகருக்கும்?

இங்கே கதை மாறுகிறது. அதே பால் வில்லியம்ஸ், இதய மருத்துவர் பால் தாம்சனுடன் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட இன்னொரு முடிவு பலருக்கு ஆச்சரியம். ஒரே அளவு சக்தி செலவழித்தால், உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஓடியவர்களுக்கு 4.2 சதவிகிதமும், நடந்தவர்களுக்கு 7.2 சதவிகிதமும் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி, 12 சதவிகிதம் குறைந்தது. கொலஸ்ட்ரால் விஷயத்திலும் நடை பின்தங்கவில்லை.

இதில் 'ஒரே அளவு சக்தி' என்பதை கவனிக்க வேண்டும். ஓடுபவர் அரை மணியில் செலவழிப்பதை நடப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்துதான் ஈடுகட்ட முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. வேக நடை முதல் வகை. ஓட்டம் இரண்டாவது வகை.

எது மிதம், எது கடுமை என்று பார்க்க மெஷின் வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை. பாட்டே பாட முடிகிறது என்றால், மன்னிக்கவும், அது உலா. நிமிடத்துக்கு 100 எட்டு என்பது மிதமான நடைக்கு ஒரு நல்ல அளவுகோல்.

நேரமே இல்லாதவர்களுக்கு ஒரு ஆறுதல். 55,000-க்கும் அதிகமானோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஓடவே ஓடாதவர்களோடு ஒப்பிட்டால், ஓடுபவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 45 சதவிகிதம் குறைவாக இருந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்கே கணிசமான பலன் தெரிந்தது. 10 நிமிடம்... நாம் ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் கால்வாசி கூட இல்லை.

ஓடினால் முட்டி தேயுமா?

ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் அது 1.2 மடங்கு அளவில்தான். அதனால் பயம் நியாயமானதுதான். ஆனால் மூட்டு என்பது டயர் இல்லை, உருள உருளத் தேய்ந்துகொண்டே போக. அளவான சுமைக்கு குருத்தெலும்பும் தசையும் பழகிக்கொள்ளும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அலசல் ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவிகிதம் பேருக்கு மட்டுமே முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் 10.2 சதவிகிதம்! ஆனால் போட்டிகளுக்காக ஓடும் வீரர்களில் 13.3 சதவிகிதம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுங்கிறது இங்கேயும் பொருந்துது.

இது நல்ல முட்டி உள்ளவர்களுக்கான செய்தி. ஏற்கெனவே மூட்டு வலி, வீக்கம் உள்ளவர்களும் அதிக உடல் பருமன் உள்ளவர்களும் எடுத்த எடுப்பிலேயே ஓடக் கூடாது. முதலில் நடையும் உணவுக் கட்டுப்பாடும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில ஆயிரம் எட்டுகளுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஓடியும் இறந்து போனாரே ஜிம் ஃபிக்ஸ்?

அமெரிக்காவில் ஓட்டத்தை ஒரு மக்கள் பழக்கமாக மாற்றியதில் முக்கியமானவர் ஜிம் ஃபிக்ஸ். நிறைய சிகரெட், நிறைய எடை என்றிருந்தவர் 35 வயதில் ஓடத் தொடங்கினார். 1977-ல் அவர் ஓட்டம் பற்றி எழுதிய புத்தகம் விற்பனையில் சாதனை படைத்தது. 1984 ஜூலையில் வழக்கமான ஓட்டத்துக்குப் போனவர் மாரடைப்பில் இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு தெரியவந்தது. அவருடைய அப்பாவுக்கு 35 வயதிலேயே முதல் மாரடைப்பு வந்து, 43-ல் இறந்தவர்.

"பாத்தீங்களா, ஓடினவனே போயிட்டான்" என்று சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் அந்த அடைப்பைக் கொண்டு வரவில்லை. பரம்பரையும் பழைய சிகரெட்டும் ஏற்கெனவே வேலையைச் செய்திருந்தன. ஆனால் அடைப்பு இருக்கும் இதயத்தை திடீரென விரட்டுவது ஆபத்து என்பதும் உண்மை. எனவே 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பி.பி. உள்ளவர்கள், புகைப்பவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள், ஓடத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். "கேஸா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு இன்னொரு ரவுண்டு போகாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

ஓட முடியாது, ஆனா கலோரி எரியணும்... வழி இருக்கா?

இருக்கு. இன்ஸ்டாகிராமில் 'ஜப்பான் நடை' என்று டிரெண்டானதே, அது சும்மா கிளப்பிவிட்டது இல்லை. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோஸேயின் குழு பரிசோதித்த முறை. 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக. இதை 5 முறை. மொத்தம் அரை மணி நேரம், வாரத்தில் 4 நாள். 2007-ல் வெளியான ஆய்வில், சராசரியாக 60 வயதைத் தாண்டியவர்கள் 5 மாதம் இப்படி நடந்தபோது, ஒரே சீரான வேகத்தில் நடந்தவர்களைவிட தொடைத் தசை வலு கூடியது, ரத்த அழுத்தமும் நன்றாகக் குறைந்தது.

இன்னொன்று ஏற்றம். டிரெட்மில்லில் 5 கி.மீ. வேகத்தையே வைத்துக்கொண்டு சாய்வை 10 சதவிகிதமாக உயர்த்தினால் கலோரிச் செலவு இரு மடங்கைத் தாண்டும், கிட்டத்தட்ட மெதுவான ஓட்டத்துக்குச் சமம். காலில் இறங்கும் அதிர்ச்சியோ நடைக்குரியதுதான். டிரெட்மில் இல்லாதவர்களுக்கு மேம்பாலம், படிக்கட்டு எல்லாம் இருக்கு. பழனி படி ஏறியவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்கள் மட்டும் இறங்கும்போது கவனம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்கு வேலை அதிகம்.

ஓட ஆசை, ஆனால் 100 மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது என்பவர்கள், இரண்டையும் கலந்துகொள்ளலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பிரபலப்படுத்திய முறை இது. களைத்த பிறகு நடப்பது இல்லை, களைப்பதற்கு முன்பே நடப்பது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, வாரக்கணக்கில் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். புதிதாக ஓடுபவர்களில் நிறைய பேர் முதல் வாரமே வேகம் காட்டி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கிறோம். நுரையீரல் சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும்.

10,000 எட்டு கட்டாயமா?

இல்லை. அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண்ணே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, 1965-ல் ஜப்பான் நிறுவனம் ஒன்று எட்டுகளை எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் எட்டு மீட்டர்'. விளம்பரத்துக்கு வைத்த பெயர், உலகத்துக்கே இலக்காகிவிட்டது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வந்தது. தினமும் 2,700 எட்டு மட்டுமே வைத்தவர்களைவிட, 4,400 எட்டு வைத்தவர்களின் இறப்பு வாய்ப்பு 41 சதவிகிதம் குறைவு. 7,500 எட்டுக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் பாட்டியோ அம்மாவோ "என்னால அவ்வளவு தூரம் முடியாதுப்பா" என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு கடைசியாக இரண்டு விஷயம். சாப்பிட்ட பிறகு சில நிமிட மெதுவான நடைகூட ரத்தச் சர்க்கரை எகிறுவதைக் குறைக்கும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் வராண்டாவிலேயே முடித்துவிடலாம். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடைக்கோ ஓட்டத்துக்கோ கிளம்பக் கூடாது. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். அதற்காக சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி பாதத்தின் அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது.